ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் காற்றைப் பாருங்கள்

ஏ.சி. குளிரவில்லை என்று என்னை அழைப்பவர்களில் பலர், நான் உள்ளே நுழையும்போதே "கேஸ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது" என்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்: வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல் ஏ.சி.யில் கேஸ் தீராது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால், புதிய கேஸும் அதே வழியில் போய்விடும். ஆண்டு தவறாமல் இதற்குப் பணம் கொடுக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பல வீடுகளில் தடைபட்டிருப்பது காற்றுதான். ஏ.சி. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டும் இயந்திரம். எடுப்பதற்கு உள்ளே ஒரு காயில் (மடித்து மடித்து வளைத்த குழாய்), கொட்டுவதற்கு வெளியே ஒரு காயில். இரண்டில் எது தூசியால் அடைத்துக்கொண்டாலும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். மின் கட்டணம் ஏறும்.

எது பழுது என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு வெப்பமானி போதும். ஏ.சி.யை மிகக் குறைந்த வெப்பநிலைக்கும், விசிறியை முழு வேகத்துக்கும் வைத்துக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் மேல்பக்கத்தில் ஒரு முறை, குளிர்காற்று வெளிவரும் வாயில் ஒரு முறை அளந்து பாருங்கள். வேறுபாடு ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். புழுக்கமான நாளில் சற்றுக் குறையும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கவும் சக்தி செலவாகிறது அல்லவா? அடுத்து, வாய்க்கு நேரே கையை நீட்டுங்கள். காற்று சில்லென்று இருந்தும் வலுவில்லை என்றால் அழுக்கு. பலமாக வீசியும் குளிர்ச்சியில்லை என்றால், வெளி யூனிட்டைப் பார்த்துவிட்டுக் கேஸைச் சந்தேகிக்கலாம். இரண்டும் நன்றாக இருந்தும் அறை குளிரவில்லையா? வெயில் விழும் கண்ணாடியையும் கதவிடுக்கையும் பாருங்கள். மெல்லிய காகிதத் துண்டை இடுக்கின் அருகே பிடித்தால், அது ஆடும் இடத்தில் உங்கள் பணம் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

சுத்தம் செய்வதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. ஃபில்டரைக் கழற்றி, தூசி படியாத பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சுங்கள். முன்பக்கத்தில் பாய்ச்சினால் தூசி வலைக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்துகொள்ளும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். தினமும் ஓடும் ஏ.சி.க்கு இதை மாதம் ஒரு முறையாவது செய்ய வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் தெரியும் அலுமினியத் தகடுகள் மிக மெல்லியவை. மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் மடங்கி, காற்றுப் பாதையே அடைபடும். காயிலில் பனிக்கட்டி தெரிந்தால் சுரண்ட வேண்டாம். அணைத்து வைத்துத் தானாக உருகவிடுங்கள்.

உள்ளே தண்ணீர் சொட்டுகிறது என்றால், அநேகமாக அதை வெளியேற்றும் டிரெயின் குழாயில் பாசியும் சேறும் அடைத்திருக்கும்.

வெளி யூனிட்டைத் துணி காயப்போடும் மூலையாகவோ அட்டைப் பெட்டி அடுக்கும் இடமாகவோ ஆக்கிவிடாதீர்கள். அது வெளியே தள்ளும் வெப்பக்காற்றையே திரும்ப இழுக்கும் நிலை வந்தால், எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் திணறும். வெயில் படாமல் மறைக்க நினைத்தால் மேலே மட்டும் கூரை போடுங்கள், சுற்றிலும் அடைக்க வேண்டாம்.

அறைக்குள் நுழைந்ததும் 16 டிகிரிக்கு இறக்கும் பழக்கத்தால் பெரிதாகப் பயனில்லை. பழைய வகை கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 16 வைத்தாலும் 25 வைத்தாலும் ஒரே விதமாகத்தான் குளிர்விக்கும். 16 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். மின்விசிறியையும் சுழலவிட்டால் 2 டிகிரி கூட்டி வைத்தாலும் உடலுக்கு வேறுபாடு தெரியாது. ஆளில்லாத அறையில் விசிறி வேண்டாம். அது அறையைக் குளிர்விப்பதில்லை, மேலே காற்றுப் படுவதால் நமக்குத்தான் குளிர்கிறது.

குளிர்காலத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். கம்பி சூடாகும் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஏ.சி.யிலேயே வெப்பமூட்டும் வசதி இருந்தால், மிதமான குளிரில் அதே மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3 மடங்கு வெப்பம் கிடைக்கும். வெளியிலிருக்கும் வெப்பத்தைத்தான் அது உள்ளே கொண்டுவருகிறது. கடுங்குளிரில் இந்த அனுகூலம் குறையும். அவ்வப்போது சில நிமிடங்கள் வெப்பக்காற்று நின்றுபோனால் பதற வேண்டாம். வெளி யூனிட்டில் படிந்த உறைபனியை அது உருக்கிக்கொண்டிருக்கும்.

எரிவாயுவில் இயங்கும் ஹீட்டரில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். சுடர் நீலமாக இருக்க வேண்டிய ஹீட்டரில் மஞ்சளாக எரிந்தாலோ, சுற்றிலும் கரி படிந்தாலோ உடனே அணைத்து, சன்னல்களைத் திறந்து, தகுதியுள்ள ஆளை அழையுங்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியைப் படுக்கையறைக்கு அருகில் பொருத்துங்கள். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறை, குளிர் தொடங்குவதற்கு முன்பே சோதிக்கச் சொல்லுங்கள்.