ஆலகால நீலம், சூரன் மயில், சிலம்புத் தங்கம்: கதைகளிலிருந்து நெயில் பாலிஷ் கலக்கலாம்

ஆடி மாதம் மருதாணி அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, போர்வையில் பட்டுவிடக் கூடாதே என்று இரவெல்லாம் கையைத் தூக்கியபடி தூங்கியவர்கள் நாம். நகத்துக்கு நிறம் ஏற்றுவதும் கதை கேட்பதும் அப்போது ஒன்றாகவே நடந்தன. அசோகவனத்தில் சீதையின் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது மருதாணிச் செடிதான், அவள் கொடுத்த வரம்தான் அந்தச் சிவப்பு என்று பாட்டிகள் சொல்வார்கள்.

இங்கே மருதாணி அரைக்கப் போவதில்லை. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் சாதாரண நெயில் பாலிஷ்களைக் கலந்து, நமக்குத் தெரிந்த கதைகளிலிருந்து சில நிறங்களைச் செய்யப்போகிறோம். முன் அனுபவம் வேண்டாம். ஒரு பூச்சு காயும்வரை கையைச் சும்மா வைத்திருக்கும் பொறுமை இருந்தால் போதும்.

எந்த நீலத்துக்கும் ‘கிருஷ்ணா’ என்று பெயர் ஒட்டிவிட்டால் அது புராண நிறம் ஆகிவிடாது. காலண்டர் படத்தைப் பார்த்து அப்படியே நிறம் எடுப்பதிலும் எனக்கு விருப்பமில்லை. அந்த நிறம் கதையில் எப்படி வந்தது, எது அடியில் இருந்தது, எது மேலே வந்தது என்று பார்ப்பேன். அதே அடுக்கை நகத்தில் வைப்பேன். கீழே முதலில் வரும் மூன்றும் அப்படிச் செய்தவை.

முதலில் சாமான்கள்

10 மில்லி காலிக் குப்பிகள் மூன்று நான்கு. நிறமில்லாத பாலிஷ், அதாவது கிளியர். கறுப்பு, வெள்ளை, அடர்நீலம், அடர்சிவப்பு, தங்கம், முத்து வெள்ளை ஆகியவற்றில் ஒவ்வொரு பாட்டில். விலை மலிவானவையே போதும். நிறத்துக்கு அடியில் பூச ஒரு பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே பூச ஒரு டாப் கோட். அழகுசாதனத் தரத்தில் மைக்கா பொடி. பல்குச்சி, சொட்டு விடும் கண்ணாடிக் குழாய், காகிதத்தில் சுருட்டிய புனல்.

மைக்கா மாதிரி மினுங்கும் பொடி சாதாரண கிளியரில் சீக்கிரம் அடியில் போய்ப் படிந்துவிடும். ‘சஸ்பென்ஷன் பேஸ்’ என்று இணையக் கடைகளில் விற்கிறார்கள். களிமண் வகை ஒன்று கலந்த கெட்டியான கிளியர் அது. பொடியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நிறைய செய்வதாக இருந்தால் வாங்குங்கள். ஒன்றிரண்டு குப்பிக்கு வேண்டாம், பூசும் முன் குலுக்கிக்கொள்ளலாம்.

குலுக்கும்போது கலக்கிவிடக் குப்பிக்குள் இரண்டு எஃகு குண்டுகள் போட வேண்டும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்குங்கள். சைக்கிள் கடை பேரிங் குண்டுகளைப் போடாதீர்கள். அவை துருப்பிடித்தால் பாலிஷின் நிறமே மாறிவிடும்.

கெட்டியான பாலிஷை இளக்கத் தின்னர்தான் சரி, ரிமூவர் கூடாது. தின்னரில் இருப்பவை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்றவை, பாலிஷில் ஏற்கெனவே உள்ள அதே கரைப்பான்கள். ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அதை ஊற்றினால் அப்போதைக்கு இளகும், அப்புறம் பூச்சு உரிய ஆரம்பிக்கும்.

கலக்கும் பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். இதை அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை, விசேஷ வீட்டில் மிச்சமான மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரில் கலந்தேன். இரண்டே நிமிடத்தில் டம்ளரின் அடி நெகிழ்ந்து, நீலம் முழுக்க டைனிங் டேபிள் விரிப்பில் இறங்கிவிட்டது. எத்தில் அசிட்டேட் அந்த வகை பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

குங்குமம், மஞ்சள், கேசரி பவுடர், ஹோலிப் பொடி எதையும் கலக்காதீர்கள். தண்ணீரில் கரையும் நிறம் பாலிஷில் கரையாமல் திப்பி திப்பியாக நிற்கும். மஞ்சள் நகத்திலேயே கறையாகத் தங்கிவிடும்.

தீ விஷயம்

பாலிஷை நகத்தில் படலமாக நிற்க வைப்பது நைட்ரோசெல்லுலோஸ். பழைய காலச் சினிமாச் சுருள்கள் எளிதில் பற்றி எரிந்ததற்குக் காரணமும் அதுதான். கரைப்பான்களும் தீப்பிடிக்கக்கூடியவை. அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபேன் போட்டால் மைக்கா பறக்கும், ஆகவே பொடியை அளக்கும்போது மட்டும் நிறுத்திவிட்டு ஒரு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பொடிக்கு ஒரு நாள் சோதனை

சோப்பு, மெழுகுவர்த்தி செய்ய விற்கும் சில பொடிகளில் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஒரு சிட்டிகையைச் சிறு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, கொஞ்சம் ரிமூவர் விட்டு மூடி ஒரு நாள் வையுங்கள். பொடி அடியில் இறங்கி, மேலே திரவம் தெளிவாக நின்றால் பயன்படுத்தலாம். திரவம் நிறம் பிடித்திருந்தால் அந்தப் பொடி உங்கள் நகத்திலும் சாயம் விடும்.

ஆலகால நீலம்

பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்துக்கு முன் நஞ்சு வந்தது. சிவன் அதை எடுத்து விழுங்க, பார்வதி கழுத்தைப் பிடிக்க, நஞ்சு அங்கேயே நின்றுவிட்டது. காலண்டரில் அந்தக் கழுத்தை வெளிர்நீலமாகப் போடுவார்கள். பழைய பாடல்களோ ‘கறைமிடறு’ என்றும் ‘மணிமிடறு’ என்றும் சொல்கின்றன. கறை என்றால் கறுப்பு. மணி என்றால் நீலமணி. கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும், ஆனால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பும் ஒரு நீலம். எனக்கு வேண்டியது அதுதான்.

அப்படி வெளிச்சம் ஊடுருவும் பூச்சை ஜெல்லி என்பார்கள். கண்ணாடி வளையல் மாதிரி இருக்கும். காலிக் குப்பியில் 8 மில்லி கிளியர் ஊற்றுங்கள். அடர்நீலம் 15 சொட்டு, கறுப்பு 2 சொட்டு, எஃகு குண்டுகள் இரண்டு. மூடிவிட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கறுப்பைக் கூட்டுவதானால் ஒவ்வொரு சொட்டாகப் பார்த்துப் பார்த்து விடுங்கள். நாலு சொட்டில் நீலம் காணாமல் போய்விடும், திரும்பி வராது.

நீலம் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெளிர்நீலத்தில் வெள்ளை நிறமி கலந்திருக்கும். அதைக் கிளியரில் விட்டால் ஜெல்லி வராது, தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி கலங்கிப்போகும். பாட்டிலைப் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிற நீலத்தை வாங்குங்கள்.

இப்போது பூசலாம். நகத்தை ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் ஒட்டாது. பேஸ் கோட் கட்டாயம், நீலம் நகத்தைக் கறையாக்கும். அதன் மேல் மெல்லிய வெள்ளை ஒரு பூச்சு. இது பாற்கடல். நன்றாகக் காய்ந்த பிறகு ஜெல்லி ஒரு பூச்சு. மூன்று நிமிடம் விட்டு, வெள்ளித் துணுக்குகள் கலந்த பாலிஷிலிருந்து நகத்துக்கு நாலைந்து துணுக்கு மட்டும் பல்குச்சியால் எடுத்து அங்கங்கே வையுங்கள், கடைந்த நுரை மாதிரி. அதற்கு மேல் இன்னும் இரண்டு ஜெல்லிப் பூச்சு. துணுக்குகள் மேலே மிதக்காமல் உள்ளுக்குள் மாட்டிக்கொண்டு தெரியும். தொண்டையில் நின்ற நஞ்சு நகத்திலும் பாதி ஆழத்தில் நிற்கிறது.

அடியில் வெள்ளை இருப்பதால் முதல் பூச்சில் நீலம் பளிச்சென்று, கொஞ்சம் மலிவாகத்தான் தெரியும். பதற வேண்டாம். மூன்றாவது பூச்சில் இருட்டும்.

சூரன் மயில்

கடலில் மாமரமாக நின்ற சூரபத்மனை முருகனின் வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். திருச்செந்தூரில் சஷ்டிக்குக் கூட்டத்தில் நசுங்கியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

மயில் தோகையில் நீல நிறமியோ பச்சை நிறமியோ கிடையாது. அதில் உள்ள நிறமி மெலனின், நம் தலைமுடியில் இருப்பது. நிறம் கருமைதான். அந்த மெலனின் நுண்கம்பிகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நீலமும் பச்சையும் வெண்கலமும் பிறக்கின்றன. அடியில் கருமை, மேலே ஒளி. அசுரன் அடியில் இருக்க, வாகனம் மேலே தெரிகிற கதைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

நிறம் மாறும் மைக்காவிலும் இதே வேலைதான் நடக்கிறது. மைக்காத் தகட்டின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லியதாகப் படிய வைக்கிறார்கள். அந்தப் படலத்தின் தடிமனைப் பொறுத்து நிறம் மாறும். பட்டுப்புடவையில் மயில்கழுத்து நிறம் தெரியும்தானே? பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று நெய்து, மடிப்பு திரும்பும்போது நிறம் புரள வைப்பார்கள். அந்தப் புரளல்தான் நகத்தில் வேண்டும்.

கடையில் ‘டியோக்ரோம்’ மைக்கா என்று கேளுங்கள். நீலம் பச்சை, அல்லது பச்சை ஊதா. வாங்கிய பொடியை வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம், கறுப்புக் காகிதத்தில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் சாம்பல் தூசி மாதிரி இருக்கும். கறுப்பில் மயில் எழுந்து நிற்கும். “ஆன்லைன்ல பார்த்த மாதிரி இல்லையே” என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பு அடிப்பூச்சு போடாதவர்கள்.

கலவை எளிது. 8 மில்லி கிளியர் அல்லது சஸ்பென்ஷன் பேஸ், அதில் கால் டீஸ்பூனுக்கும் குறைவாக மைக்கா, குண்டுகள், நல்ல குலுக்கல். கறுப்பு ஒரு பூச்சு போட்டு முழுக்கக் காயவிடுங்கள். அதன் மேல் மைக்காக் கலவையை இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். பிரஷ்ஷை அழுத்தி இழுத்தால் கோடு விழும், மேலாகத் தடவினால் போதும்.

மோதிர விரலுக்கு மட்டும் சேவல். அடர்சிவப்பு இரண்டு பூச்சு, நுனியில் பல்குச்சியால் தங்கப் புள்ளி. எல்லா விரலிலும் மயில் போட்டால் பார்க்க அழகுதான், ஆனால் பாதிக் கதைதான் வரும்.

சிலம்புத் தங்கம்

இது புதிதாகச் செய்கிறவர்களுக்கு மிக எளிது, எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்துப் பரல். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உடைத்தால்தான் தெரியும். கோவலன் உயிர் போனதே அதனால்தானே.

சரி, அதையே செய்வோம். பேஸ் கோட்டுக்குப் பின் வலது கை நகங்களில் அடர்சிவப்பு, இடது கையில் முத்து வெள்ளை. இரண்டு பூச்சு போட்டு ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. பிறகு செல்லோடேப்பைத் தலைமுடிக் கனத்துக்குக் கொஞ்சம் அதிகமான கீற்றுகளாக வெட்டி, புறங்கையில் ஒரு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள். ஒவ்வொரு கையிலும் ஒரே ஒரு விரலுக்கு அந்தக் கீற்றைக் கோணலாக, விரிசல் மாதிரி ஒட்டுங்கள். பத்து விரலுக்கும் தங்கம் ஒரு கனமான பூச்சு போடுங்கள். கீற்று ஒட்டிய விரல்களை முதலில் முடித்து, தங்கம் ஈரமாக இருக்கும்போதே கீற்றை உரித்துவிடுங்கள். காய்ந்தபின் உரித்தால் ஓரம் பிய்ந்து வரும்.

இப்போது இரண்டு கையும் ஒரே தங்கம். ஒரு விரிசலில் சிவப்பு, இன்னொன்றில் முத்து. எட்ட நின்று பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது, கேட்கிறவர்களுக்கு மட்டும் கையை நீட்டிக் காட்டலாம். விரிசல் கொஞ்சம் கோணினாலும் கவலையில்லை, சிலம்பு என்ன அளவெடுத்தா உடைந்தது?

கொள்ளிவாய்ப் பிசாசு

இது விளையாட்டுக்கு. ராத்திரி வயல்வெளியில் வாயில் தீயோடு அலையும் என்று சொல்லிச் சொல்லி நம்மை வீட்டுக்குள் அடைத்தார்களே, அந்தப் பிசாசு. சதுப்பு நிலத்து வாயு எரிவதுதான் அது என்று பள்ளிக்கூடத்தில் அதன் வாயை மூடிவிட்டார்கள். இருட்டில் ஒளிரும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடியைக் கிளியரில் கலந்து, வெள்ளை அடிப்பூச்சின் மேல் மூன்று பூச்சு போடுங்கள். பச்சையாக ஒளிரும் வகை நன்றாகத் தெரியும். பொடி நறநறவென்று இருக்கும், ஆகவே டாப் கோட் இரண்டு தேவை. டியூப்லைட் கீழே கையைக் காட்டிவிட்டு விளக்கை அணையுங்கள்.

முடிக்கும்போது

எந்த நிறமானாலும் டாப் கோட் போடும்போது நகத்தின் நுனி விளிம்பையும் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்து மூடுங்கள். பாத்திரம் தேய்க்கிற கைகளுக்கு இது மிக முக்கியம், உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். தோலில் வழிந்ததை மெல்லிய பிரஷ்ஷை ரிமூவரில் தொட்டுத் துடைத்துவிடலாம். குப்பியில் பெயரையும் சொட்டுக் கணக்கையும் எழுதி ஒட்டுங்கள். அதே நீலம் அடுத்த மாதம் வேண்டுமென்றால் நினைவிலிருந்து வராது.

அழிக்கும்போது ஆலகால நீலத்திடம் மட்டும் ஜாக்கிரதை. ரிமூவர் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து அழுத்தி ஒரு நிமிடம் விடுங்கள், பிறகு அடியிலிருந்து நுனிப் பக்கமாக ஒரே இழுப்பு. பக்கவாட்டில் தேய்த்தால் கழுத்தோடு நின்ற நஞ்சு உங்கள் விரல் முழுக்க இறங்கிவிடும்.