மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு: ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிடும் முறை

மட்டக்களப்பு நகரிலிருந்து பொத்துவில் வரை செல்லும் கரையோர வீதியின் நீளம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர் மட்டுமே. வரைபடத்தில் இந்தத் தூரத்தைப் பார்ப்பவர் இரண்டு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கிடுவது இயல்பே. ஆனால் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் ஊடாக வந்து மட்டக்களப்பில் முடிவடையும் ஏ4 நெடுஞ்சாலையின் இந்தக் கடைசித் துண்டு, அக்கரைப்பற்றுக்கு வடக்கே ஒரு விதமாகவும் தெற்கே முற்றிலும் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். கல்லடிப் பாலத்தைக் கடந்ததிலிருந்து அக்கரைப்பற்று வரையும் ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று பெயர்ப்பலகையைப் பார்த்தே அறியவேண்டிய அளவுக்குக் குடியிருப்புகள் நெருக்கமாக உள்ளன. அங்கு கார்களுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர் என்ற ஊர்ப்புற வேக எல்லைதான் பெரும்பாலும் பொருந்தும், முச்சக்கரவண்டிக்கு 40. அக்கரைப்பற்றுக்குத் தெற்கே திருக்கோவில், விநாயகபுரம் தாண்டியதும் வீடுகள் அருகி, பற்றைக்காடும் களப்பும் மணலுமாக வீதி வெறிச்சோடிவிடும். ஆகவே போவதற்கு மூன்று மணித்தியாலம், திரும்புவதற்கு மூன்றரை மணித்தியாலம் என்று ஒதுக்கிக்கொண்டு தொடங்குவதே பாதுகாப்பானது.

திட்டத்தைக் காலையிலிருந்து எழுதத் தொடங்காமல் மாலையிலிருந்து பின்னோக்கி எழுதுமாறு நான் கூறுவேன். கிழக்கில் ஆண்டு முழுவதும் மாலை 6 மணிக்குச் சற்று முன்பின்னாகப் பொழுது பட்டுவிடும். பொத்துவில், கோமாரி, தாண்டியடிப் பகுதிகளில் இருட்டிய பின்னர் வீதியில் மாடுகள் படுத்திருக்கும்; யானையும் குறுக்கிடக்கூடும். எனவே அந்தத் தெற்குத் துண்டை வெளிச்சத்தில் கடந்து, மாலை 5 மணிக்கு முன்னர் அக்கரைப்பற்றை அடைந்துவிட வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்படி பொத்துவிலிலிருந்து 3.30 மணிக்குப் புறப்பட வேண்டும். அப்படியானால் 2 மணிக்குள் மதியச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். இவ்வாறு பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் காலையில் எத்தனை மணிக்கு வீட்டுப் படலையைத் திறக்கவேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இந்தப் பாடத்தை நான் கோமாரிக்கு அருகில் கற்றுக்கொண்டேன். பொத்துவிலை அடுத்துள்ள அறுகம்பையில் கடலை விட்டு எழுந்துவர மனமில்லாமல் 5 மணி வரை இருந்துவிட்டுத் திரும்பியபோது பின்சில்லு காற்றுப் போனது. மாற்றுச் சில்லை இறக்கிப் பார்த்தால் அதற்கும் காற்றில்லை; புறப்படுமுன் நான் அதை ஒருமுறை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. வழியால் வந்த மீன் லொறிக்காரர் ஒருவர் எங்களையும் சில்லையும் ஏற்றிச் சென்று உதவினார். அதுவரை காட்டோரத்தில் கழிந்த ஒன்றரை மணித்தியாலத்தை என் வீட்டார் இன்றும் நினைவூட்டத் தவறுவதில்லை.

காலை 5.30 மணிக்குக் கல்லடிப் பாலத்தைக் கடப்பது நல்லது. 1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்தில் அந்நேரம் வாகனம் குறைவு. மட்டக்களப்பு வாவிக்குப் பேர்போன பாடும் மீனைக் கேட்க அது பொழுதல்ல என்றாலும், வாவியின்மேல் வெளுக்கும் வானத்தை வேகமின்றிப் பார்த்துச் செல்லலாம். இவ்வளவு முந்திப் புறப்படச் சொல்வதற்குக் காரணம் பாடசாலைகளே. 7.30 மணிக்குப் பாடசாலை தொடங்குவதால், 6.45 முதல் வீதியின் இரு பக்கமும் சைக்கிளிலும் நடையிலும் பிள்ளைகள் நிறைந்துவிடுவர். அதற்குள் களுவாஞ்சிகுடி, கல்முனை ஆகிய இரு நெரிசல்களையும் தாண்டியிருந்தால் பயணத்தின் பாதிச் சிரமம் கழிந்துவிட்டது எனலாம். அதேபோல் 1.30க்குப் பாடசாலை விடும் நேரத்தில் நீங்கள் பொத்துவிலில் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். கல்முனைச் சந்தியில் நிற்கக்கூடாது.

நாளைத் தெரிவு செய்வதில் நம்மவர் பலர் விடுமுறையை மட்டும் பார்க்கின்றனர். இந்த வீதியில் காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனப் பல ஊர்கள் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்பவை என்பதால், வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பூட்டப்படும். பள்ளிவாசல்களின் முன்னால் வாகனங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டு வீதி ஒடுங்கும். வெள்ளியன்றுதான் போகமுடியும் என்றால் 12 மணி முதல் 1.30 வரை வாகனம் ஓட்டாத வகையில் நேரத்தை அமைத்துக்கொள்ளவும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும் என எதிர்பார்க்க இயலாது. வீட்டிலிருந்து பிட்டோ சோற்றுப் பார்சலோ கட்டிச் செல்வதும், அதை ஊர் நடுவே திறந்து வைத்து உண்ணாமல் ஒதுக்கமான இடத்தில் உண்பதும் முறையாகும். கோயில் நாட்களையும் கவனிக்க வேண்டும். வைகாசியில் தம்பிலுவில் உள்ளிட்ட ஊர்களில் கண்ணகை அம்மன் சடங்கு நடைபெறும். ஆடி அமாவாசையன்று திருக்கோவிலில் தீர்த்தம். புரட்டாசியில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. அவற்றைக் காணப் போவது வேறு, அவற்றின் நெரிசலில் மாட்டிக்கொள்வது வேறு. கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் அடியார்கள் கூட்டம் கூட்டமாக இதே வீதியோரம் நடந்து உகந்தை முருகன் கோயிலை நோக்கிச் செல்வர். அவர்களைக் கடக்கும்போது ஹோர்ன் அடித்துக் கலைக்காமல், வேகத்தைக் குறைத்து விலகிச் செல்வதே மரியாதை.

பருவத்தைப் பொறுத்தவரை பெப்ரவரி முதல் செப்டம்பர் வரை தடையில்லை. மே முதல் செப்டம்பர் வரை அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலமாதலால் வெளிநாட்டவர் கூட்டமும் அறை வாடகையும் சாப்பாட்டு விலையும் சேர்ந்தே ஏறும். ஒரு நாளில் திரும்புபவருக்கு முதல் இரண்டும் பொருட்டல்ல, மூன்றாவது பொருட்டுதான். வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்தப் பயணத்தை ஒத்திவைப்பதே என் ஆலோசனை. ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு ஆகிய இடங்களில் வாவி நீரின் மேலாகவே வீதி செல்கிறது. கட்டாயம் போகவேண்டியிருந்தால் முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்து, வழியிலுள்ள உறவினர் ஒருவரிடம் வீதி நிலைமையைக் கேட்டறிந்து புறப்படவும். நீர் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்தால், முன்னால் ஒரு பெரிய வாகனம் போகிறது என்பதற்காக நீங்களும் இறங்கிவிட வேண்டாம். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரமே அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்ததை இப்பகுதியில் எவரும் மறந்திருக்க முடியாது.

மழைக்காலம் கழிந்தாலும் ஒரு கவனம் தேவை. பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், சிறுபோக அறுவடைக் காலத்திலும் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல்லோ கட்டையோ அடையாளத்துக்கு வைத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளில் செல்பவர் நெல்மேல் சில்லை ஏற்றித் தடை பிடித்தால் வழுக்குவது நிச்சயம். அறுவடை இயந்திரம் ஏற்றிய லொறிகளும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

வாகனத்துக்கான ஆயத்தம் முதல் நாள் மாலையே முடிய வேண்டும். போகவும் வரவும் பக்கவழிகளுக்குமாக 250 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 21 லீற்றர் பெற்றோலும், 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 6 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் தேவைப்படும். மட்டக்களப்பிலேயே நிரப்பிவிட்டு, எவ்வளவு மிச்சமிருந்தாலும் அக்கரைப்பற்றில் மீண்டும் ஒருமுறை மானியைப் பார்த்துக்கொள்ளவும். மாற்றுச் சில்லைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருந்தால் பொலிஸார் மறிக்கும்போது கையுறைப் பெட்டியைக் கிளறவேண்டியிராது. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த அழைப்புக்கு 117 என்ற இலக்கங்களைக் கூடவருபவர் அனைவரும் அறிந்திருக்கட்டும்.

தரிப்பிடங்களைத் தெரிவதில்தான் திட்டங்கள் பெரும்பாலும் குலைகின்றன. வழியில் காணத்தக்கவை ஏராளம். பேரீச்சை மரங்கள் அணிவகுத்த காத்தான்குடி வீதி, வெற்றிலைக் கொடிகளால் பெயர்பெற்ற களுதாவளை, வாகனங்களையும் மனிதரையும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற்றி மண்டூருக்குக் கடத்தும் குருமண்வெளித் துறை, கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை, சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த காரைதீவு, தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் துறைமுகமும் அமைந்த ஒலுவில், இலங்கையின் கிழக்கு முனையாகிய சங்கமன்கண்டி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவை அனைத்திலும் பத்துப் பத்து நிமிடம் நின்றால் எதையும் பார்த்ததாகாது; ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழிந்து திட்டமும் பிந்திவிடும். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று இரண்டை மட்டும் தெரிவு செய்யவும்.

போகும்போது நிற்கவேண்டிய இடமாக நான் திருக்கோவிலையே சொல்வேன். காலை 8 மணியளவில் அங்கு சேர்ந்தால் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் அமைதியாக வழிபடலாம். நண்பகல் பூசைக்குப் பின்னர் வந்தால் நடை சாத்தியிருக்கும். கோயிலுக்கு முன்னால் கடல் விரிந்து கிடக்கிறது. அந்த வெண்மணலில் அமர்ந்து, கொண்டுவந்த இடியப்பத்தையும் சம்பலையும் பகிர்ந்துண்பதற்கு ஈடாக எந்தச் சாப்பாட்டுக் கடையும் இல்லை என்பது என் அபிப்பிராயம். எனினும் நீரில் இறங்குமுன் அங்குள்ள மீனவர்களிடம் கேட்கவும். கரையிலிருந்து சாதுவாகத் தெரியும் கடல் நாலடிக்கு அப்பால் இழுக்கும் இடங்கள் இந்தக் கரையெங்கும் உண்டு.

பொத்துவிலை 9.30 அல்லது 10 மணியளவில் அடைந்துவிட்டால் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் உங்கள் கையில் இருக்கும். அதை அறுகம்பைக்கே முழுமையாகக் கொடுப்பதா, பொத்துவில் களப்பில் கண்டல் மரங்களிடையே தோணியில் செல்வதா என்பதை முதல் நாளே முடிவெடுக்கவும்; வெயில் ஏறிய பின்னர் களப்பில் நிழல் இராது என்பதால் தோணியைக் காலையிலும் கடற்கரையைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்வது பொருந்தும். அதற்கும் தெற்கேயுள்ள பாணமைக்கும் குமணைக்கும் போகும் ஆசை வரும். அது வேறொரு நாளுக்குரிய பயணம். அதற்கு இரவு தங்கவேண்டும்.

இன்னோர் ஆசையையும் இங்கே தடுத்துவிட வேண்டும். பொத்துவிலிலிருந்து லகுகலை, சியம்பலாண்டுவை வழியாக அம்பாறைக்கு ஏறி, சம்மாந்துறையூடாகக் காரைதீவில் இறங்கினால் போன வழியே திரும்பாமல் ஒரு வட்டமாக முடிக்கலாமே என்று வரைபடம் அழைக்கும். பகலில் அது அழகிய பாதைதான். பிற்பகலில் தொடங்கினால் யானைக் காட்டை அந்தி நேரத்தில் கடக்க நேரும். அம்பாறையைப் பார்க்க விரும்புவோர் தனியாக ஒரு நாளை ஒதுக்கி, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி வயல்வெளியூடாகச் சென்று அதே வழியில் மீளலாம். காலையில் மேற்கே ஓடும்போதும் மாலையில் கிழக்கே திரும்பும்போதும் வெயில் முதுகுப் பக்கமே இருப்பதால் சாரதிக்குக் கண் கூசாது என்பது அந்தப் பாதையின் தனிச் சலுகை.

திரும்பும் வழியில் அக்கரைப்பற்றில் தேநீருக்கு நிறுத்தி, சாரதியை மாற்றிக்கொள்ளவும். இதற்குப் பின்னர் மீண்டும் ஊர்களின் நெருக்கம்; அந்தி மயங்கும் வேளையில் விளக்கில்லாத சைக்கிள்களும், எதிரே கண்ணைப் பறிக்கும் விளக்குடன் வரும் பஸ்களும் சேர்ந்து, களைத்தவரைச் சோதிக்கும் பகுதி இதுவே. இரண்டாவது தரிப்பிடத்தை மருதமுனையாக வைத்துக்கொண்டால் சாரமோ சேலையோ வாங்குவதற்கும் கால் நீட்டுவதற்கும் வாய்ப்பாகும்.

எருமைத் தயிர் வாங்க விரும்புவோர் போகும்போது வாங்க வேண்டாம். வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் பகல் முழுவதும் கிடந்து புளித்துவிடும். வீடு திரும்பும் கடைசி மணித்தியாலத்தில் வழியோரக் கடையொன்றில் வாங்கி, மண்சட்டியைப் பின்பெட்டியில் வைக்காமல், முன்னிருக்கையில் இருப்பவரின் காலடியில் ஒரு சாக்கைச் சுருட்டி அதன் நடுவே அமர்த்தவும். களுவாஞ்சிகுடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் திடீரென்று தடை பிடிக்கவேண்டிய சந்தர்ப்பம் ஒன்றாவது வரும்.