போனை அழித்தால் கேஸ் அழியாது

கடலூர் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் புதுச்சேரி மது பாட்டில்களோடு ஒரு பையன் மாட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரிந்ததும் கூட்டாளி வாட்ஸ்அப்பை அழிக்கிறான். இன்னும் பயந்தவன் போனையே கெடிலம் ஆற்றில் வீசுகிறான். மதுவிலக்கு கேஸோடு போயிருக்க வேண்டியது. இன்னொன்றைத் தானே தேடிக்கொள்கிறான்.

2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வுக்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய மின்னணுப் பதிவை, சாட்சியமாகிவிடக் கூடாது என்று அழித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இ.பி.கோ. 204-ல் 2 ஆண்டுதான்.

“சம்மன் வர்றதுக்கு முன்னாடியே அழிச்சிட்டேனே சார்” என்பார்கள். பெரிய தவறு இதுதான். சம்மன் வராவிட்டாலும் அழித்த நோக்கம் போதும். இடம் போதவில்லை என்று பழைய படங்களை அழிப்பது குற்றமல்ல. கூட்டாளி பிடிபட்ட அரை மணி நேரத்தில் ரீசெட் அடித்தால், அந்த நேரமே உங்களுக்கு எதிராகப் பேசும்.

அழித்தாலும் போய்விடுகிறதா? மெசேஜ் போன மறுமுனையாளரின் போனில் அதே மெசேஜ் இருக்கக்கூடும். யார் யாரை எப்போது அழைத்தார்கள் என்ற விவரம் சிம் கம்பெனியிடம் இருக்கும். கூகுள் பேக்கப்பை முக்கால்வாசிப் பேர் மறந்தே போகிறார்கள்.

தம்பியிடமோ மனைவியிடமோ போனைக் கொடுத்து “உடைச்சிடு” என்பது அவர்களையும் இழுத்துவிடும் வேலை. குற்றவாளிக்குப் புகலிடம் தரும் பிரிவில் கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு. சாட்சியத்தை மறைக்கும் 238-ல் அந்த விலக்கு இல்லை.

ஜாமீனும் சிக்கலாகும். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து அனுப்ப வழியிருக்கிறது. சாட்சியத்தைக் கலைப்பார் என்று தோன்றினால், கைது செய்ய அதுவே காரணமாகிவிடும்.

போலீஸ் போனைக் கேட்டால் எழுத்து மூலமான உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசமைப்புச் சட்டம் 20(3) சொல்கிறது. வக்கீலிடம் பேசிவிட்டே பதில் சொல்லலாம். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. பறிமுதல் பட்டியலில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்) சரியா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.