போன வாரப் பாடத்தை நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள்

பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுப்பவரா? ஆரம்பத்தில் ஆளுக்கொரு வெற்றுத்தாள் கொடுத்து, போன வாரப் பாடத்திலிருந்து மூன்றே கேள்வி கேளுங்கள். குறிப்பேடு, போன் எல்லாம் மூடியிருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் வேண்டாம், தாளையும் வாங்காதீர்கள். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்தவருக்குப் பரீட்சை பயம் வேறு எதற்கு?

படித்ததையே மறுபடி படித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் தங்காது. நினைவிலிருந்து தோண்டி எடுத்தால்தான் தங்கும். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தவர்கள் திரும்பப் படித்தவர்கள் அல்ல, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான்.

உணவுப் பாதுகாப்பு வகுப்பு என்று வையுங்கள். கிருமி வேகமாகப் பெருகும் வெப்பநிலை என்ன? ஒருவர் '5 முதல் 60 டிகிரி' என்று எழுதுவார், பக்கத்திலிருக்கும் அக்கா '60க்கு மேல்' என்று எழுதியிருப்பார். உடனே திருத்தாமல் இருவரையும் பேசவிடுங்கள், அப்புறம் '5 முதல் 60'தான் சரி என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தப்பே மனசில் உட்கார்ந்துவிடும்.

ஒரே நாள் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் செய்யலாம். எழுதத் தயங்குபவர்கள் இருந்தால் தாளே வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லட்டும். ஆனால் போன வாரப் பாடமே புரியவில்லை என்றால் இது உதவாது. அதை முதலிலிருந்து நடத்தத்தான் வேண்டும்.