மாதிரி ரயில் பாதை: நண்பர்கள் சேர்ந்து கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு சாயங்காலம் வரை வண்டி அழகாக ஓடியது. இந்த ஞாயிறு வந்து சுவிட்சைப் போட்டால், இரண்டாவது பலகையிலிருந்து மூன்றாவது பலகைக்குத் தாவும் இடத்தில் எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. "மக்கா, போன வாரம் ஓடிச்சே!" என்று ஒருவன் தலையில் கை வைத்தான். விரலைத் தண்டவாளத்தின் மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தேன். நகம் தட்டியது. ஒரு மில்லிமீட்டர் இருக்கும். ஹெச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய அளவில், ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜப் பாதையில் 8.7 சென்டிமீட்டர். அப்படி ஒரு படியை எந்த ரயில் ஏறித் தாண்டும்?

நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். வேலை நின்ற இடங்களை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி ஏதோ ஒரு பொருத்தில்தான் நின்றிருக்கிறது. பலகையும் பலகையும் சேரும் இடம், வயரும் வயரும் சேரும் இடம், ஆளும் ஆளும் சேரும் இடம். தனியாகச் செய்பவருக்கு இந்தப் பொருத்துகள் குறைவு. கூட்டாகச் செய்யும்போது இவைதான் முதல் வேலை.

முதல் தவறு, அளவைப் பேசி முடிக்காமல் ஆளுக்கொரு பெட்டி வாங்குவது. எங்களில் ஒருவருக்கு வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது ஓஓ அளவு, அதாவது 76இல் ஒரு பங்கு. மற்றவர்கள் வாங்கியது ஹெச்ஓ. இரண்டும் 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்திலேயே ஓடும் என்பதால் தொடக்கத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நடைமேடையில் ஆட்களை நிறுத்தியபோதுதான் தெரிந்தது. ஐந்தரை அடி ஆள் ஹெச்ஓவில் 19 மில்லிமீட்டர், ஓஓவில் 22. இருவரையும் ஒரே பெட்டியின் கதவருகே நிறுத்தினால் ஒருவர் குனிந்துதான் ஏற வேண்டும்.

நம் ரயில்களைச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நம் அகலப் பாதையின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 வரும். கடையில் கிடைக்கும் 16.5, வெளிநாடுகளின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. சரியாக 19.3இல் நாமே அடித்துவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அப்படிச் செய்தால் பாதை பிரியும் இடத்து பாயின்ட், சக்கரம், எஞ்சினின் அடிப்பாகம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நாங்கள் 16.5 போதும் என்று முடிவெடுத்தோம். பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை. எதை எடுத்தாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள்.

வளைவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புது வகைப் பயணிகள் பெட்டியான எல்ஹெச்பி நிஜத்தில் ஏறக்குறைய 23.5 மீட்டர், ஹெச்ஓவில் 27 சென்டிமீட்டர். பழைய ஐசிஎஃப் பெட்டி என்றால் 24.5. பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்கு வளைவின் ஆரம் இருந்தால் வண்டி பார்க்கவும் நன்றாக இருக்கும், தடம் புரளாமலும் ஓடும். அதாவது 80 சென்டிமீட்டர். கடையில் விற்கும் தொடக்க செட்டில் வரும் வட்டத்தின் ஆரமோ 36, மிஞ்சினால் 44. அதில் எல்ஹெச்பி பெட்டியை விட்டால் நடுப்பகுதி உள்பக்கம் பிதுங்கி நடைமேடையில் உரசும். நடைமேடையை ஒட்டுவதற்கு முன் பெட்டியின் நடுவிலும் முனையிலும் ஒரு பென்சிலைக் கட்டிக் கையால் தள்ளிக்கொண்டு போங்கள். பென்சில் கிழிக்கும் கோட்டுக்குள் எதுவும் வரக் கூடாது. அறை சிறிது என்றால் ஹெச்ஓவைவிடச் சிறிய 'N' அளவுக்குப் போய்விடலாம். அங்கே அதே பெட்டி 15 சென்டிமீட்டருக்குள் அடங்கும், 45 ஆரம் போதும். விவேக் எக்ஸ்பிரஸை முழு நீளத்துக்கும் ஓட்ட ஆசைப்பட்டோம். இருபது பெட்டி என்று வைத்தாலே ஹெச்ஓவில் 5.4 மீட்டர், எங்கள் அறையைவிட நீளம். ஏழு பெட்டியில் நிறுத்திக்கொண்டோம், குறையாகத் தெரியவில்லை.

மரமும் மழையும்

நம் மாவட்டத்தில் ரப்பர் தடி மலிவாகக் கிடைக்கும். குலசேகரம் பக்கம் தெரிந்தவர் இருந்தால் சும்மாவே கிடைக்கும். அதை அப்படியே சட்டமாக அடித்துவிடுவதுதான் தவறு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய கையோடு பூஞ்சை பிடிக்கும், அப்புறம் உளு விழும். எங்கள் முதல் சட்டத்திலிருந்து மாவு கொட்டத் தொடங்கியபோது அதன் மேல் தண்டவாளம் முழுக்கப் பதித்திருந்தோம். போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய ரப்பர் மரம் என்றால் தாராளமாக வாங்கலாம், நல்ல மரம். இல்லையென்றால் மரைன் பிளைவுட்டே நல்லது.

பிளைவுட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவோம். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பும், மேல்பக்கம் அப்படியே இருக்கும், பலகை வில்லாக வளையும். மேல், கீழ், நாலு விளிம்பு, வயருக்குப் போட்ட ஓட்டைகளின் உள்பக்கம் எல்லாவற்றிலும் ஒரே அளவு பூச்சு வேண்டும்.

பலகைகளை போல்ட் மட்டும் போட்டு இணைத்ததுதான் முதலில் சொன்ன ஒரு மில்லிமீட்டர் படிக்குக் காரணம். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், இடத்தில் நிறுத்தாது. அதன் ஓட்டையிலேயே ஆட்டம் இருக்கும். ஒரு பலகையில் பித்தளை முளை, எதிர்ப் பலகையில் அதற்கான குழி என்று இரண்டு ஜோடி வைத்து, அதன் பிறகு போல்ட்டை இறுக்குங்கள். ஆசாரி அண்ணனிடம் இதைச் சொன்னபோது, கட்டில் காலுக்கு முளை வைக்காமல் ஆணி மட்டும் அடித்தால் நிற்குமா என்று கேட்டார். தண்டவாளத்தைப் பலகை பலகையாகப் பதிக்காதீர்கள். இரண்டு பலகையையும் சேர்த்து இறுக்கி, பொருத்தின் மேல் ஒரே நீளமாகப் போட்டு, இருபுறமும் பித்தளை ஸ்க்ரூவின் தலையோடு தண்டவாளத்தை சால்டர் செய்து, கடைசியில் மெல்லிய ரம்பத்தால் நடுவில் அறுங்கள். வெட்டு விழும் இடத்தில் பாதை நேராகவும் விளிம்புக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். பொருத்தின் மேல் பாயின்ட் வரவே கூடாது.

வயர்

தண்டவாளத்தை இணைக்கும் சின்ன ஜாயினர் தகடே மின்சாரத்தையும் கடத்தும் என்று நம்பாதீர்கள். புதிதில் கடத்தும். கடற்காற்றில் சில மாதம் கழிந்தால் தகட்டுக்குள் கறுப்பு ஏறும், எஞ்சின் அங்கங்கே தயங்கும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மின்சாரம் கொடுக்கத் தனி ஃபீடர் வயர், அடியில் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு முதன்மை வயர். வயர் நிறத்தை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். எங்களில் ஒருவருக்குச் சிவப்பு என்றால் சுவர்ப்பக்கத் தண்டவாளம், இன்னொருவருக்கு ஆள் நிற்கும் பக்கம். இருவரின் பலகையும் தனித்தனியாக ஓடின, சேர்த்ததும் ஷார்ட்.

டிசிசி முறையில், அதாவது ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி எண் கொடுத்து டிஜிட்டலாக, ஓட்டுபவர்கள் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பாதையில் எங்கே வைத்தாலும் அந்தக் கணமே டிரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் வயர் போதவில்லை என்று அர்த்தம். ஒருநாள் அங்கே பெட்டி தடம் புரண்டால் சக்கரம் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். கட்டளையை வாங்கும் டிகோடர் சில்லு இல்லாத எஞ்சினை அந்தப் பாதையில் நிறுத்தி வைக்காதீர்கள், நின்ற இடத்திலேயே மோட்டார் சூடேறும். புது டிகோடர்கள் எல்லாமே பொதுவாக 3 என்ற எண்ணோடுதான் வரும். இரண்டு பேர் ஒரே நாளில் புது எஞ்சினை எடுத்து வந்தால், ஒருவர் வேகக் குமிழைத் திருகும்போது இரண்டும் புறப்படும். எண்ணை மாற்றிவிட்டுத்தான் பாதையில் ஏற்ற வேண்டும்.

கடற்கரை மணல் வேண்டாம்

ஜல்லிக்கு மணல் தேடும்போது நம் ஊர்க்காரர் மனசு நேராகக் கடற்கரைக்குத்தான் போகும். எனக்கும் போனது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் பொடியாக, சீராக, பார்க்க ஜல்லி போலவே இருக்கும். அதில் ஒரு வலுவான காந்தத்தைத் தாளில் சுற்றி விட்டுப் பாருங்கள். தாள் முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்தது போல ஒட்டிக்கொண்டு வரும். அது இரும்பு கலந்த இல்மனைட் தாது. எஞ்சின் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். ஒட்டாமல் உதிர்ந்த ஒவ்வொரு மணியையும் அது அடியிலிருந்து உள்ளே இழுக்கும், பல்சக்கரத்தில் மாட்டி அரைக்கும். அதே மணலில் கதிர்வீச்சுள்ள தோரியம் கொண்ட மோனசைட்டும் இருக்கிறது. வீட்டு அறைக்குள் தூசியாகப் பறக்கவிடும் பொருளல்ல அது. இதையெல்லாம் விட்டாலும், உப்பு ஒன்றே தண்டவாளத்தைக் கெடுக்கப் போதும்.

குவாரிப் பாறைப்பொடியைக் கழுவி, உலர்த்தி, சலித்து எடுங்கள். நிஜ ஜல்லி 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஹெச்ஓவில் 0.6 மில்லிமீட்டர்தான். டீ வடிகட்டியில் தங்குவது பெரும்பாலும் பெரிது. கீழே விழுவதை மெல்லிய துணியில் இன்னொரு முறை சலித்து, மாவை நீக்கினால் நடுவில் மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டியது. பாறைப்பொடியிலும் காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். தூவித் தூரிகையால் படிய வைத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைப் பனி போலத் தெளித்த பிறகு, ஒரு பங்கு பெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துச் சொட்டு சொட்டாக விடுங்கள். பாயின்ட்டில் அசையும் பகுதிக்கு இரண்டு விரல் தள்ளியே நிறுத்துங்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது? ஒரு மழைக்காலம் முழுக்க வெறும் பாதையில் வண்டி ஓடிய பிறகு. ஜல்லி ஒட்டினபின் வளைவைத் திருத்துவது என்பது பெயர்த்தெடுப்பதுதான். பச்சை பூசும் ஆசையில் நாங்கள் இரண்டு முறை பெயர்த்தெடுத்தோம்.

காட்சி

தென்னையைச் சின்னதாகச் செய்வது எல்லாரும் செய்யும் தவறு. 20 மீட்டர் தென்னை ஹெச்ஓவில் 23 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கு மேல் வரும். 115 அடி மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு 40 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். 50 மீட்டர் காற்றாலைக் கோபுரம் 57 சென்டிமீட்டர் வந்து மலையையே மறைக்கும். அதனால் பின்வரிசைக் காற்றாலைகளைச் சிறிய 'N' அளவில் செய்து தூரம் காட்டினோம். முப்பந்தல் வழியாகத் தினமும் போகிறவர்கள்தான் நாங்கள், ஆனாலும் ஆளுக்கொரு காற்றாலையை ஆளுக்கொரு திசையில் ஒட்டியிருந்தோம். ஆடிக் காற்றில் அவை வரிசையாக ஒரே பக்கம்தான் பார்க்கும். மண்ணின் நிறமும் அப்படித்தான். குழித்துறைப் பக்கத்துச் செம்மண்ணையும் அடர்பச்சையையும் கொண்டுவந்து ஆரல்வாய்மொழியின் காய்ந்த கரட்டில் தூவினால் ஊர்க்காரர் கண் உடனே சொல்லிவிடும். மண்ணை அந்த இடத்திலிருந்தே ஒரு கை எடுத்து, வாணலியில் வறுத்து, சலித்துப் போடுங்கள். தெர்மோகோல் குன்றின் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் குன்று கரைந்து குழியாகும்.

காலத்தையும் முடிவு செய்யுங்கள். திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி பாதை 1979இல் வந்தது. திருநெல்வேலிப் பாதை 1981இல் சேர்ந்தது. இரண்டுமே தொடக்கத்திலிருந்து அகலப் பாதை. மீட்டர் கேஜ் வண்டி ஒன்றை அழகுக்காக நாகர்கோவில் சந்திப்பில் நிறுத்த ஒரு நண்பர் ஆசைப்பட்டார். அது செங்கோட்டைக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது என்று பேசிப் புரிய வைத்தோம்.

ஆட்கள்

பலகையும் வயரும் பொதுப் பணத்தில், எஞ்சினும் பெட்டியும் அவரவர் பணத்தில் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். பெட்டியின் அடியில் பெயரின் முதல் எழுத்தை எழுதி ஒரு துண்டு டேப் ஒட்டினால் பின்னால் எந்தப் பேச்சும் வராது. ஒருவர் செய்த குன்றை அவர் இல்லாத நாளில் "கொஞ்சம் சரி செய்கிறேன்" என்று தொடக் கூடாது. எங்களுக்குள் வந்த ஒரே பெரிய மனத்தாங்கல் அதில்தான் வந்தது, ஆறு வாரம் ஒருவர் மாடி ஏறவில்லை. இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். யார் எதைத் தொட்டார், எந்த வயரை எங்கே மாற்றினார் என்று போகும்போது இரண்டு வரி எழுத வேண்டும்.

நோட்டுக்குப் பக்கத்தில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் பாட்டிலும் ஒரு பருத்தித் துணியும் இருக்கும். தண்டவாளத்தை அதில்தான் துடைக்கிறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அதிலேயே அழுக்கு தங்கும். நேந்திரங்காய்ச் சிப்ஸ் தட்டு மட்டும் படிக்கட்டிலேயே இருக்கும். தேங்காயெண்ணெய் விரலோடு ஒருவர் எஞ்சினைத் தூக்கி வைத்தால், சக்கரம் அந்த எண்ணெயைப் பாதை முழுக்கப் பூசிவிட்டு வரும்.