இன்எக்செஸ் இசைக்குழுவை வரிசையாகக் கேட்பது எப்படி?

ஆஸ்திரேலிய நியூ வேவ் (மின்னணு ஒலிகள் கலந்த ராக் பாணி) இசைக்குழுவான இன்எக்செஸைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் பலர், 1987-இல் வெளியான 'கிக்' ஆல்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ஆல்பத்துக்கு அவர்கள் வந்துசேர்ந்த வழியையும் கேட்டால்தான் அதன் அருமை முழுமையாகப் புலப்படும்.

படி 1: முதலில் ஆட்களை அறிந்துகொள்ளுங்கள். 1977-இல் சிட்னியில் ஃபாரிஸ் சகோதரர்களான ஆண்ட்ரூ (கீபோர்டு), டிம் (கித்தார்), ஜான் (டிரம்ஸ்) ஆகியோருடன் பாடகர் மைக்கேல் ஹட்சன்ஸ், பேஸ் கித்தார் வாசிக்கும் கேரி பியர்ஸ், கித்தாரும் சாக்ஸபோனும் வாசிக்கும் கர்க் பெங்கிலி ஆகியோர் சேர்ந்தனர். இந்த அறுவர் அணி 1997 வரை மாறவே இல்லை.

படி 2: 1980-இன் 'ஜஸ்ட் கீப் வாக்கிங்', 1982-இன் 'டோன்ட் சேஞ்ச்' ஆகிய பாடல்களை அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் விட்டுவிட்டு வெட்டும் தாளம், பின்னதில் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி விரிக்கும் அகன்ற வெளி.

படி 3: நடன இசைக்குப் பேர்போன அமெரிக்க இசைக்கலைஞர் நைல் ரோஜர்ஸ் தயாரித்த 'ஒரிஜினல் சின்' பாடலில் டிரம்ஸையும் பேஸையும் மட்டும் பின்தொடருங்கள். நியூயார்க்கில் பதிவான இப்பாடல்தான் 1984-இல் ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கு முதன்முதலாக முதலிடத்தைப் பெற்றுத்தந்தது; ராக் கித்தாரும் நடன இசையும் இவர்களிடம் ஒன்றாகக் கலந்ததும் இங்கேதான் என்பது என் கருத்து.

படி 4: இப்போது 'கிக்' ஆல்பத்தின் 'நீட் யூ டுநைட்' பாடலை ஹெட்போனில் கேளுங்கள். விமான நிலையத்துக்குச் செல்ல டாக்சி வந்து நிற்கையில் மனத்தில் தோன்றிய கித்தார் துணுக்கை, ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஆண்ட்ரூ டேப்பில் பதிந்துகொண்டார். ஹாங்காங்கில் இருந்த ஹட்சன்ஸ் அதற்கு வரிகள் எழுதினார். அந்தத் துணுக்கு ஒலித்து முடிந்ததும் விழும் இடைவெளியைக் கவனியுங்கள். அதை யாரும் நிரப்ப முயல்வதில்லை. ஹட்சன்ஸின் கிசுகிசுப்பும் அதனால்தான் காதருகே கேட்கிறது. 1988 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல் இது. அதே ஆல்பத்தின் 'நெவர் டேர் அஸ் அபார்ட்' பாடலில், அனைத்தும் ஒரு கணம் அடங்கிய பின் எழும் பெங்கிலியின் சாக்ஸபோனைத் தவறவிடாதீர்கள்.

படி 5: 1992-இன் 'வெல்கம் டு வேரெவர் யூ ஆர்' ஆல்பத்தை முழுமையாகக் கேளுங்கள். புகழின் உச்சியைத் தொட்ட பிறகும் பழைய பாணியைத் திருப்பிச் செய்யாமல் பெரிய ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்துப் பார்த்த துணிச்சலுக்கு, அதற்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

படி 6: ஹட்சன்ஸ் 1997 நவம்பர் 22 அன்று சிட்னியில் காலமானார். பின்னர் வேறு பாடகர்களுடன் தொடர்ந்த குழு, 2012-இல் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டது. அக்காலப் பதிவுகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முன், 1991-இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் பதிவான நேரடி நிகழ்ச்சியை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுங்கள்.