டிராக் ரேஸ் சீசன்: புதிதாகப் பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக் ரேஸ் என்பது இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்து லேனில் நேராகப் பாயும் குறுந்தூரப் பந்தயம். அமெரிக்காவில் என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பு நடத்தும் தொழில்முறை டிராக் ரேஸ் சீசன் மார்ச்சில் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் தொடங்கி, நவம்பரில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் முடிகிறது. சுமார் இருபது வார இறுதிகள். மிக வேகமான கார்களின் ஓட்டம் நான்கு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது, முன்னால் போகிறவர் ஜெயிக்கிறார், அவ்வளவுதானே என்றுதான் எல்லோரும் பார்க்க உட்காருகிறோம். இரண்டு மூன்று போட்டி பார்த்ததும் குழப்பம் தொடங்கும். வேகமாகப் போனவர் தோற்கிறார். அதிகம் ஜெயித்தவருக்குப் பட்டம் கிடைப்பதில்லை. விளையாட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் எண்தான் தவறான எண்.

திரையில் பெரிதாகத் தெரிவது வேகம். 330 என்று வரும். அது கிலோமீட்டர் இல்லை, மைல். நம் கணக்கில் மணிக்கு 530 கிலோமீட்டருக்கு மேல். 2022 பொமோனாவில் பிரிட்டனி ஃபோர்ஸ் 338.94 மைல் தொட்டார். கேட்க வாய் பிளக்கும்தான். ஆனால் இந்த வேகம் பாதையின் கடைசி 66 அடியில் மட்டும் அளக்கப்படுவது. யார் ஜெயித்தார் என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

சரி, ஓட்ட நேரத்தைப் பார்க்கலாமே என்றால், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்ட நேரக் கடிகாரம் பச்சை விளக்கு எரியும்போது ஓடத் தொடங்குவதில்லை. காரின் முன்சக்கரம் தொடக்கக் கோட்டு ஒளிக்கதிரை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. பச்சைக்கும் அந்த நகர்வுக்கும் இடையே உள்ள நேரம் தனிக் கணக்கு; அதுதான் ஓட்டுநரின் எதிர்வினை நேரம். இரண்டையும் கூட்டித்தான் வெற்றி தோல்வி. ஒருவர் 3.700 விநாடியில் ஓடுகிறார், ஆனால் 0.085 தாமதமாகக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3.785. பக்கத்து லேனில் இருப்பவர் 3.720-தான் ஓடுகிறார், ஆனால் 0.050-இல் கிளம்பிவிட்டார். மொத்தம் 3.770. மெதுவான கார் இரண்டு மீட்டருக்கு மேல் முன்னால் கோட்டைத் தாண்டிவிடும். இதைத்தான் ஹோல்ஷாட் வெற்றி என்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டிலேயே ஓட்டுநரை முழுசாகப் பாராட்டக்கூடிய இடம் இதுதான்.

தொடக்கக் கோட்டில் நிற்கும் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்ற கம்பத்து விளக்குகளில் மூன்று மஞ்சளும் ஒன்றாக எரிந்து 0.4 விநாடி கழித்துப் பச்சை வரும். பச்சையைப் பார்த்துக் கிளம்புகிறவர் அங்கேயே தோற்றார். மஞ்சளிலேயே கால் அழுந்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் சிவப்பு, கதை முடிந்தது. அதனால் ஓட்டத்தைப் பார்க்கும்போது முதலில் எதிர்வினை நேரம், அடுத்து ஓட்ட நேரம், வேகம் கடைசியில் என்று பழகிக்கொள்ளுங்கள்.

பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிடுவது

2006 பொமோனாவில் டோனி ஷூமாக்கர் 4.428 விநாடி ஓடினார், 2019-இல் பிரிட்டனி ஃபோர்ஸ் 3.623 ஓடினார், அடேயப்பா எவ்வளவு முன்னேற்றம் என்று சொல்லிவிடக் கூடாது. ஷூமாக்கர் ஓடியது கால் மைல், அதாவது 1,320 அடி. பிரிட்டனி ஓடியது 1,000 அடி. 2008 ஜூனில் நியூஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்தார். அடுத்த மாதமே அதிவேக வகுப்புகளான டாப் ஃபியூயல், ஃபன்னி கார் இரண்டுக்கும் தூரத்தைக் குறைத்தார்கள். அவற்றைவிட மெதுவான ப்ரோ ஸ்டாக் வகுப்பின் காரும் மோட்டார்சைக்கிளும் இன்றும் கால் மைல்தான் ஓடுகின்றன. அதனால் வகுப்புக்கு வகுப்பும் நேரத்தை ஒப்பிட முடியாது.

ஊருக்கு ஊரும் முடியாது. டென்வர் அருகே இருந்த பாண்டிமியர் களம் கடல் மட்டத்திலிருந்து 5,800 அடி உயரம். காற்று மெலிந்த இடம். வேறு ஊரில் 6.5 விநாடியில் போகும் ப்ரோ ஸ்டாக் கார் அங்கே 6.9-க்குத் திணறும். 2023-உடன் அந்தக் களம் மூடப்பட்டது. ஆனால் பழைய முடிவுகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வெற்றிகளை எண்ணிக்கொண்டிருப்பது

சீசனைப் பின்தொடர்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். எண்ண வேண்டியது கோப்பைகளை அல்ல, சுற்றுகளை. தகுதி பெறும் 16 கார்களில் ஞாயிற்றுக்கிழமை நான்கு சுற்று வென்றவருக்குக் கோப்பை. ஒவ்வொரு சுற்று வெற்றிக்கும் 20 புள்ளி. ஒரு வாரம் கோப்பை, அடுத்த இரண்டு வாரம் முதல் சுற்றிலேயே வெளியே என்று இருப்பவரைவிட, எல்லா வாரமும் அரையிறுதி வரை வருகிறவர் பட்டியலில் மேலே நிற்பார்.

போதாக்குறைக்கு 2007-இல் 'கவுண்டவுன்' முறை வந்தது. 2008 முதல் பல ஆண்டுகள், கடைசி ஆறு போட்டிகளுக்கு முன் முதல் பத்து பேரின் புள்ளி இடைவெளியைச் சுருக்கி, ஏறக்குறைய பத்துப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அதுவரை சேர்த்த முன்னிலை கரைந்துபோனது. 2009-இல் ராபர்ட் ஹைட் பத்தாவது ஆளாக, கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்து ஃபன்னி கார் பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனார். 2017-இல் ஸ்டீவ் டாரன்ஸ் 8 போட்டி ஜெயித்தார், பிரிட்டனி ஃபோர்ஸ் 4. பட்டம் பிரிட்டனிக்கு. இது நியாயமா என்று ரசிகர்கள் அடித்துக்கொள்ளாத ஆண்டே கிடையாது. எனக்கும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே அதே டாரன்ஸ் அந்த ஆறு போட்டிகளையும் ஒன்றுவிடாமல் ஜெயித்துக் காட்டினார். புள்ளி விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், மார்ச்சிலேயே அந்த ஆண்டின் விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

வெள்ளி, சனி தகுதிச் சுற்றுகளை "அது சும்மா பயிற்சி" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அங்கேயும் சின்னச் சின்னதாகப் புள்ளி கிடைக்கிறது. 2009-இல் ஷூமாக்கர் லாரி டிக்சனை முந்தி டாப் ஃபியூயல் பட்டம் வென்றது வெறும் 2 புள்ளியில். மேலே சொன்ன அவருடைய 4.428-இன் கதையும் இதே ஜாதி. 2006-இன் கடைசிப் போட்டியின் கடைசி ஓட்டம் அது. எதிரே மெலனி ட்ராக்ஸல். ஜெயித்தால் மட்டும் போதாது. அப்போது தேசிய சாதனைக்குக் கிடைத்த 20 புள்ளியும் வேண்டும். இரண்டும் கிடைத்தன. டக் கலிட்டாவை 14 புள்ளியில் முந்தினார். கலிட்டாவுக்கு முதல் பட்டம் கிடைக்க 2023 வரை ஆயிற்று.

எல்லாவற்றையும் ஓட்டுநர் தலையில் கட்டுவது

டாப் ஃபியூயல் காரில் கியர் மாற்றுவது கிடையாது. கிளட்ச் எப்போது எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஓட்டத்துக்கு முன்பே க்ரூ சீஃப், அதாவது அணியின் தலைமை மெக்கானிக், அமைத்துவிடுவார். வெள்ளி மாலை குளிர்ந்த பாதையில் பிரமாதமாக ஓடிய கார், ஞாயிறு மதிய வெயிலில் நூறு அடி போவதற்குள் டயர் புகைகிறது என்றால், பெரும்பாலும் பாதை தாங்காத அளவு சக்தியை அவர் கொடுத்துவிட்டார் என்று பொருள். ஓட்டுநரின் வேலை அதற்குப் பிறகு தெரியும்: காலை எடுத்து, டயர் மறுபடி பிடிக்கும் நொடியில் மெல்ல அழுத்த வேண்டும். இரண்டு காரும் புகைந்தால் டிவியில் இன்ஜின் சத்தத்தைக் கவனியுங்கள், யார் முதலில் மீள்கிறார் என்பது காதுக்கே தெரியும்.

க்ரூ சீஃப் ஆலன் ஜான்சன் இருந்த 2004 முதல் 2008 வரை ஐந்து ஆண்டும் ஷூமாக்கருக்கே பட்டம். ஜான்சன் வேறு அணிக்குப் போனார். அங்கே 2010-இல் டிக்சன், 2011-இல் டெல் வொர்ஷம் சாம்பியன். அதே சமயம், அவர் போன கையோடு 2009-இலும் ஷூமாக்கர் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம், சார்லட்டிலும் லாஸ் வேகஸிலும் நடக்கும் நான்கு லேன் போட்டிகள். ஒரே நேரத்தில் நான்கு கார் ஓடும், முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். இரண்டாவதாக வந்தவர் கொண்டாடுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

நேரில் போகிறவர்களுக்கு: காது அடைப்பான் இல்லாமல் போகாதீர்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம். எரிபொருளான நைட்ரோமீத்தேனின் புகை கண்ணைக் கரிக்கும். பார்வையாளர் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். எல்லா டிக்கெட்டுக்கும் அணிகள் காரைச் சரிபார்க்கும் பிட் பகுதிக்குள் அனுமதி உண்டு, சுற்றுகளுக்கு இடையே முக்கால் மணி நேரத்தில் ஒரு இன்ஜினைக் கழற்றிப் பூட்டுவதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். மழை வந்தால் பாதை காயும்வரை எதுவும் நகராது. சில சமயம் மீதிச் சுற்றுகளை அடுத்த ஊர்ப் போட்டியின்போது நடத்தி முடிப்பார்கள், ஆனால் அந்த வெற்றி பழைய ஊரின் கணக்கில்தான் எழுதப்படும்.